எழுவான்கரையின் இளந்தொண்டர்

மட்டக்களப்பு நாடு நீரால் வகுக்கப்பட்ட நாடு. வடக்கே பங்குடாவெளி தொட்டுத் தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, அந்நாட்டை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் திசையிற் கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டை மக்கள் எழுவான்கரை என்பர். மேற்கே வயலும் காடும் பரந்த பகுதியைப் படுவான்கரை என்பர். மீனவரும் நெசவாளரும் வணிகரும் ஆசிரியரும் நெருங்கி வாழ்வது எழுவான்கரையில். அவர்களுக்குச் சோறளிப்பது படுவான்கரை. தமிழர் ஊர், முஸ்லிம் ஊர், மீண்டும் தமிழர் ஊர் என மாலையிற் பூக்கள் மாறி மாறித் தொடுக்கப்பட்டவாறு எழுவான்கரையின் குடியிருப்புகள் அமைந்துள்ளன. இத்தகைய நிலத்தில் ஒரு பேரிடர் நேரும்போது மக்கள் ஓடுவதற்கு வழி குறைவு. ஒருவரையொருவர் விட்டு விலகி வாழ்வதற்கோ வழியே இல்லை. இவ்விரண்டு உண்மைகளையும் மனத்திற் கொண்டாலன்றி, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அக்கரையின் இளைஞர் ஆற்றிய தொண்டினைச் சரியாக மதிப்பிடல் இயலாது.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுமதி நாள். அன்று காலை, இலங்கை நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பாற் கடலடித் தரை பிளந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரவிய அப்பிளவு, 9.1 அளவினதான நிலநடுக்கத்தை உண்டாக்கிற்று. கருவிகள் கொண்டு நிலநடுக்கங்களை அளக்கத் தொடங்கிய காலந்தொட்டுப் பதிவான மிகப் பெரியவற்றுள் இஃதும் ஒன்று. கடலடித் தரை உயர்ந்தபோது அதன்மேலிருந்த நீர்த்திரள் முழுவதும் அசைந்தது. ஆழ்கடலில் இத்தகைய அலை மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். ஆயினும் ஆங்கே அதன் உயரம் மிகச் சிறிதாகையால் மரக்கலத்தில் இருப்போர் அதனை உணரார். கரையை அணுகி ஆழம் குறையும்போதே அது வேகம் தணிந்து உயரம் பெறும். இலங்கையின் கீழ்க்கரையை அது அடைவதற்கு இரண்டு மணி நேரம் அளவிற் சென்றது. அந்த இரண்டு மணி நேரத்திற் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை. பசிபிக் மாகடலுக்கு ஓர் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்துமாகடலுக்கு அன்று அத்தகைய அமைப்பு இருக்கவில்லை.

நாட்டின் கரையோரங்களில் அன்று மாண்டோரும் காணாமற் போனோரும் 35,000க்கு மேற்பட்டோர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரும், மட்டக்களப்பு மாவட்டத்தில் 2,800 பேரளவிலும் உயிரிழந்தனர். மட்டக்களப்பு நகரத்தை ஒட்டிய நாவலடி, டச்பார், கல்லடி திருச்செந்தூர் ஆகிய இடங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. நாவலடி என்பது ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலம். அலை அதனைக் குறுக்கே கடந்து வாவியில் வீழ்ந்தது. ஆண்டிருந்த ஒரு சிறுவர் இல்லத்தின் பிள்ளைகள் வள்ளமேறி வாவிக்குட் சென்றமையால் உயிர் பிழைத்தனர். கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் மண்ணரிப்பினாற் சாய்ந்து நின்ற காட்சி, பின்னாளில் அப்பேரிடரின் அடையாளமாகவே மக்கள் மனத்திற் பதிந்துவிட்டது.

பேரிடர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசுகளின் ஆணைகளையும், வெளிநாடுகள் வழங்கிய தொகைகளையும், வந்திறங்கிய வானூர்திகளையும் எண்ணுவர். எனினும் வெள்ளத்தில் வீழ்ந்தவனை முதலிற் பற்றும் கை அயலானுடைய கையே. மட்டக்களப்பிலும் அதுவே நிகழ்ந்தது. அலை வற்றிய உடனே இடிபாடுகளுக்குள் இறங்கியோர் ஊர் விளையாட்டுக் கழகங்களின் இளைஞரும், வாசிகசாலைகளின் உறுப்பினரும், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றைச் சார்ந்த இளந்தொண்டருமே. காயம்பட்டோரை உழவு இயந்திரங்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்; வாவியில் மிதந்தோரைத் தோணிகளிற் சென்று மீட்டனர். படுவான்கரையிலிருந்து அரிசியும் தேங்காயும் விறகும் வந்தன. பாடசாலைகள் அன்று மாலைக்குள் இடைத்தங்கல் முகாம்களாயின. ஆண்டிறுதி விடுமுறைக் காலமாகையால் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தமை அத்துன்பத்திடையே வாய்த்த ஒரு வசதி எனலாம்.

இவ்வளவு விரைவாகத் திரண்டு வேலை செய்யும் பழக்கம் ஒரு நாளில் வந்ததன்று. அதற்கு நீண்ட வேர்கள் உண்டு. வயற்பரப்பை வட்டை என்றும், அதன் நீர்ப்பங்கீட்டை மேற்பார்க்கும் தலைவனை வட்டை விதானை என்றும் வழங்கும் மட்டக்களப்பு மரபில், வாய்க்கால் வெட்டுதலும் அணை கட்டுதலும் ஒருவர் தனித்துச் செய்யும் தொழில்கள் அல்ல. கோயிற் சடங்குக்காலங்களிற் குடிதோறும் பொறுப்புகளைப் பகிர்ந்தேற்கும் வழக்கமும் இத்தகையதே. இப்பழைய கூட்டு வாழ்வின்மீது இருபதாம் நூற்றாண்டிற் புதிய அமைப்புகள் எழுந்தன. சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் 1929ஆம் ஆண்டிற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் தோன்றியபோது, கல்வியோடு தொண்டும் மாணவருக்குரிய கடமை என்னும் இராமகிருஷ்ண இயக்கத்தின் நெறி வாவிக்கரையில் நிலைகொண்டது. கிறித்தவ வாலிபர் சங்கமும் திருச்சபைகளின் இளைஞர் குழுக்களும் தத்தம் வழியில் அதே பயிற்சியை வழங்கின. 1958ஆம் ஆண்டிற் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று தொடக்கிய சிரமதானம், சர்வோதய இயக்கமாக வளர்ந்து நாடெங்கும் பரந்தது. மட்டக்களப்பும் அதற்கு விலக்கன்று. அவ்வியக்கம் தன் இளைஞர் பிரிவுக்குச் சாந்தி சேனை எனப் பெயரிட்டது. காந்தியடிகளின் எண்ணத்திற் பிறந்து வினோபா பாவேயின் கையில் உருப்பெற்ற பெயர் அது.

இவ்வமைப்புகளுக்கெல்லாம் கடுமையான தேர்வாக வந்தது 1978 நவெம்பர் 23இற் கீழ்க்கரையைத் தாக்கிய சூறாவளி. அதில் 900க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டத்தின் தென்னைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தது, நெற்களஞ்சியங்கள் கூரையிழந்தன, மீன்பிடி வள்ளங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன. சாலைகளுக்குக் குறுக்கே வீழ்ந்த மரங்களை வெட்டி அகற்றினாலன்றி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செய்தியும் செல்லாது என்னும் நிலை. கோடரியும் கயிறும் ஏந்தி அவ்வழிகளைத் திறந்தவர் ஊர் இளைஞர். 2004இல் முகாம்களை நடத்திய முதியோர் பலர், 1978இன் இளைஞர் என்பதை மறத்தலாகாது. இடர் ஒன்றிற் கற்ற பாடம் அடுத்த தலைமுறைக்கு ஏட்டின் வழியன்றி உடன் உழைப்பின் வழியே சென்றது.

ஆழிப்பேரலைக்குப் பின் இளந்தொண்டர் ஏற்ற வேலைகளுள் முதலாவதும் கொடியதும் இறந்தோரை அடக்கம் செய்தல். வெப்பமும் ஈரமும் மிகுந்த காலம். உடல்களை நெடுநேரம் வைத்திருத்தல் இயலாது. ஆயினும் அடையாளம் காணாது அடக்கிவிட்டால் உறவினர் வாழ்நாள் முழுதும் தேடிக்கொண்டிருப்பர். ஆகவே உடலிலிருந்த அணி, உடையின் நிறம், கண்டெடுத்த இடம் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் கண்ணீரைத் துடைப்பதற்கு நிகரான தொண்டாயிற்று. இரண்டாவது வேலை பெயர்ப்பட்டியல் எழுதுதல். எந்த வீட்டில் எத்தனை பேர் வாழ்ந்தனர், அவருள் எவர் எந்த முகாமில் உளர், எந்தக் குழந்தை எவருடையது என்பவற்றை அரசாங்க ஏடுகளைவிட ஊர் இளைஞரே நன்கு அறிவர். கிராம சேவையாளரின் பதிவேடுகள் பல இடங்களில் நீரோடு போயின; அவற்றுக்கு ஈடாக நின்றது அயலவரின் நினைவாற்றல். நிவாரணம் உரியவரைச் சேர்வதும், தாய்தந்தையரை இழந்த குழந்தை சுற்றத்தாரிடம் சேர்வதும் அப்பட்டியலின் நேர்மையைப் பொறுத்தனவாயின.

மூன்றாவது வேலை நீர். எழுவான்கரை மக்கள் பருகும் நீர் மணலுக்கடியில் மிதக்கும் நன்னீர்ப் படலமாகும். மழைநீர் மணலில் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய ஆடைபோற் படிந்து நிற்கும். கிணறுகள் அந்த ஆடையைத் தொட்டே நீர் தருகின்றன. அலை வந்தபோது கடல்நீர் கிணறுகளுக்குட் புகுந்தது. தொண்டர் திரண்டு நீரிறைக்கும் இயந்திரங்களைக் கொண்டு கிணறுகளைத் துப்புரவு செய்தனர். சேறும் அழுக்கும் நீங்கின. ஆனால் உவர்ப்பு நீங்கவில்லை. மீண்டும் மீண்டும் இறைத்தவிடத்து உவர்ப்பு மிகுந்தது. காரணம், மிகுதியாக இறைக்கும்போது மேலுள்ள நன்னீர் குறைந்து அடியிலுள்ள உவர்நீர் மேலெழுகின்றது. நிலத்தடி நீரை ஆராய்ந்த அறிஞர் கல்லடி முதலிய இடங்களில் அளவெடுத்து இதனை உறுதி செய்தனர். கிணற்றை ஓரளவு துப்புரவு செய்தபின் மாரி மழைக்குக் காத்திருத்தலே தக்கது என்றனர். அவ்வாறே பருவமழைகள் உவர்ப்பைக் கழுவின. நல்லெண்ணம் மட்டும் போதாது, நிலத்தின் இயல்பை அறிந்து தொண்டு செய்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சிறந்த சான்று. அதே வேளை, முகாம்களில் நீரைக் கொதிக்கவைத்தும், குளோரீன் இட்டும், மலகூடங்களை அமைத்தும் பொதுச் சுகாதார உத்தியோகத்தரும் தொண்டரும் கண்விழித்திருந்தமையால், பலரும் அஞ்சிய கொள்ளைநோய் பரவவில்லை. மாண்டோரின் எண்ணிக்கை மறுமுறை பெருகாமற் காத்தது இவ்வமைதியான உழைப்பே.

இனி, இத்தொண்டின் இன்னொரு சிறப்பை நோக்குதல் வேண்டும். 1990ஆம் ஆண்டின் கொடுமைகள் வாவிக்கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருவரையொருவர் அஞ்சுமாறு செய்திருந்தன. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையே உள்ள எல்லை சில அடிகளே; ஆயினும் அவ்வெல்லையை மனங்கள் கடப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் போதாமலிருந்தன. 2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்பாடு துப்பாக்கிகளை ஓரளவு அடக்கியிருந்தும் அச்சத்தை அகற்றவில்லை. அலை வந்த முதல் நாட்களில் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல்களிற் சமைத்த சோற்றைத் தமிழர் உண்டனர். தமிழூர்ப் பாடசாலைகளில் முஸ்லிம்கள் தங்கினர். கடலிலிருந்து எடுத்த உடல் எம்மதத்தினருடையது என்று கேட்டபின் தூக்கியவர் இலர். மதகுருமார் முன்னின்றாலும், பாரம் சுமந்த தோள்கள் இளைஞருடையவை.

இளைஞர் என்னும்போது ஆடவரை மட்டும் கருதுதல் பிழை. அம்பாறை மாவட்ட முகாம்களில் நடந்த ஆய்வொன்று, பெண்கள் ஆண்களைப்போல் இருமடங்கு வீதத்தில் இறந்தனர் எனக் காட்டிற்று. வீட்டினுள் இருந்தமையும், நீந்தக் கல்லாமையும், குழந்தைகளை விட்டு ஓட மனமின்மையும் அதற்குக் காரணங்கள். உயிர்தப்பிய பெண்களுக்கு முகாம் வாழ்வு வேறு துன்பங்களைத் தந்தது. மறைவிடமின்மை, இருளில் மலகூடம் செல்லும் அச்சம், மகளிர்க்குரிய உடைகளும் துணிகளும் நிவாரணப் பொதிகளில் இல்லாமை ஆகியவற்றை ஆடவர் நடத்திய குழுக்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மட்டக்களப்பில் 1990களிலிருந்து இயங்கிவந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் முதலிய மகளிர் அமைப்புகள் ஒன்றுகூடி, இளம்பெண்களை முகாம் முகாமாக அனுப்பி, இக்குறைகளைக் கேட்டறிந்து அதிகாரிகளிடம் எடுத்துரைத்தன.

வீடு கட்டும் காலம் வந்தபோது இன்னும் ஆழமான ஒரு சிக்கல் எழுந்தது. மட்டக்களப்பு மரபில் வீடு பெண்ணுக்குரியது. தாயின் வீடோ, தாய்வளவிற் புதிதாகக் கட்டிய வீடோ மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றும் வழக்கம் இது. ஆனால் நிவாரணப் படிவங்கள் குடும்பத் தலைவன் என ஆடவனையே கேட்டன. புதிய வீட்டின் உறுதியும் அவன் பெயருக்கே எழுதப்படும் நிலை வந்தது. கடல் கொண்டுபோன வீடு மனைவியுடையது. அதற்கு ஈடாகக் கிடைத்த வீடோ கணவனுடையதாயிற்று. இம்மாற்றத்தை மானிடவியல் அறிஞர் டெனிஸ் மெக்கில்வ்ரே தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். மகளிர் அமைப்புகளோ இருவர் பெயரிலுமாவது உறுதி வழங்குக என வாதாடின. கடலினால் இழந்ததைவிடக் காகிதத்தினால் இழந்தது மீட்பதற்கு அரிது என்பதை அவை உணர்ந்திருந்தன.

2005ஆம் ஆண்டில் நிதி பெருகிற்று. அதனோடு சோதனையும் பெருகிற்று. பல நாட்டு நிறுவனங்கள் மட்டக்களப்பு நகரத்தில் அலுவலகங்களைத் திறந்தன. ஆங்கிலமும் கணினியும் அறிந்த இளைஞர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். அவர்க்குத் தொழில் வேண்டியிருந்தமையின் அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் நேற்று வரை ஊதியமின்றிச் செய்யப்பட்ட தொண்டு இன்று திட்டமாயிற்று. கழகத்தின் கூட்டத்துக்குப் பதிலாக நன்கொடையாளருக்கான அறிக்கை வந்தது. ஓரூரில் மீனவரின் எண்ணிக்கையை விஞ்சி வள்ளங்கள் குவிந்தன. மற்றோரூரில் ஒன்றும் இல்லை. கீழ்க்கரையிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு முதலில் விதித்தமையால், நாவலடி முதலிய இடங்களின் குடும்பங்கள் பல வாவியின் மறுபுறத்துத் திராய்மடுவிற் குடியமர்த்தப்பட்டன. வலை வீசி வாழ்ந்தவருக்குக் கடல் எட்டாத தொலைவாயிற்று.

அரசியலும் குறுக்கிட்டது. வடக்குக் கிழக்கில் நிவாரணத்தைப் பகிர்வதற்கென அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இற் பொதுக்கட்டமைப்பு ஒன்றுக்கு உடன்பட்டனர். தம்மைக் கலந்து பேசவில்லை என முஸ்லிம் தலைவர்கள் வருந்தினர். தென்னிலங்கையில் எதிர்ப்பு எழுந்தது. ஜூலை 15இல் உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மறு ஆண்டு போர் மூண்டது. 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரையிலிருந்து பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர்; அவருள் அலைக்கு வீட்டை இழந்தோரும் இருந்தனர். கூட்டுச் சமையலால் நெருங்கிய ஊர்கள் மீண்டும் விலகிப் போயின. பேரிடர் மனிதரைத் தானாகவே ஒன்றாக்கும் என்பது ஒரு நம்பிக்கை. அவ்வொற்றுமைக்கு ஒரு நிலையான வீடு கட்டித் தராவிடின் அது முகாமோடு கலைந்துவிடும் என்பதே வரலாறு.

ஆயினும் எல்லாம் வீணாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டத்தால் நாட்டில் இடர் முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. இந்துமாகடலுக்கும் ஓர் எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. டிசெம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினமாயிற்று. 2011 ஜனவரியிற் பெருமழையால் மட்டக்களப்பு நீரில் மூழ்கியபோது, படகோட்டவும் சமைக்கவும் பட்டியல் எழுதவும் அறிந்தோர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். 2012 ஏப்பிரல் 11இற் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவினதான நிலநடுக்கம் நேர்ந்தது. இம்முறை செய்தி அலைக்கு முன்னரே கரையை எட்டிற்று. மக்கள் உள்நாட்டை நோக்கிச் சென்றனர். அந்நிலநடுக்கத்திற் கடற்றரை பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியமையாற் பேரலை எழவில்லை. மக்கள் தாமே வீடு திரும்பினர். எட்டாண்டுகளுக்கு முன் இல்லாதிருந்த அந்த அறிவு, கருவிகளோடு பழக்கமும் சேர்ந்ததன் பயன்.

கோபுரத்தின் ஒலிபெருக்கி பழுதடையலாம். சட்டம் அலுவலகத்தில் உறங்கலாம். நடக்கமாட்டாத முதியவர் எந்த வீட்டில் உளர், எந்தத் தோணியின் இயந்திரம் இன்று ஓடும், உவர்நீர் புகாத கிணறு எது, எல்லைக்கு அப்பாலுள்ள அயலூரில் யாரை அழைத்தால் கதவு திறக்கும் என்பவற்றை எந்தக் கருவியும் கூறாது. அவற்றை அறிந்திருப்பவர், இடரில்லாத நாட்களிலும் மாலைதோறும் ஒன்றுகூடிப் பந்தாடியும், நூல் படித்தும், கோயில் வீதியைக் கூட்டியும், வாய்க்கால் வெட்டியும் பழகும் இளைஞரே. ஆதலால் வாவிக்கரை ஊர் ஒவ்வொன்றின் சிறு கழகத்தையும் வாசிகசாலையையும் பேணுதல் பொழுதுபோக்குக்கான செலவு அன்று. அடுத்த இடருக்கு எடுத்துவைக்கும் விதைநெல் எனக் கருதுதல் தகும். விதைநெல்லை உண்டுவிட்ட ஊர் அடுத்த மாரிக்கு என்ன செய்யும் என்பதைப் படுவான்கரை உழவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.